மருந்தின் நான்காம் கூறு: மனச்சோர்வும் உள்நோயாளி மருத்துவமும்



சென்ற ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கணித வகுப்பில் என் இடம் காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது, “எங்கேடா போயிருந்தே?” என்று கேட்டவர்களிடமெல்லாம் “மஞ்சள்காமாலை” என்று சொல்லி வைத்தேன். கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்த நண்பனும் உண்டு. அவனிடம் இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் காமாலை வரவில்லை. வெளியூர் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் 38 நாட்கள் நான் உள்நோயாளியாக இருந்தேன். எனக்கு வந்தது மனச்சோர்வு நோய்.

காமாலைக்குக் கீழாநெல்லியும் பரிவும் கிடைக்கின்றன. மனச்சோர்வுக்கோ ஏளனமும் அறிவுரையுமே கிடைக்கின்றன. ஆகவேதான் நான் பொய் சொன்னேன். நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் வேறு சிலரும் இதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்காகவும் இந்நோயைப் பற்றியும், மருத்துவமனையில் தங்கி அதனின்று மீளும் வழியைப் பற்றியும் நான் அறிந்ததை எழுதுகிறேன்.

சோகம் வேறு, சோர்வு வேறு

தேர்வில் தோற்றால் வருத்தம் வரும். வேண்டியவர் இறந்தால் துக்கம் வரும். இவை நோயல்ல, மனித இயல்பு. துக்க வீட்டிலும் நடுவே ஒரு காப்பி ருசிக்கும். பழைய கதை ஒன்றைச் சொல்லி யாரேனும் சிரிக்க வைப்பார்கள். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி இல்லை. நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாட்களிலும், தொடர்ந்து இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மனம் கவிந்து கிடந்தாலோ, முன்பு இனித்த எதிலும் நாட்டம் இல்லாமற் போனாலோ, அதனோடு உறக்கம், பசி, உடல் வலு, கவனம் ஆகியவை கெட்டாலோ மருத்துவர்கள் இந்நோயை ஐயுறுகிறார்கள். தன்மேல் வரும் அளவற்ற குற்ற உணர்வும், வாழ்ந்து பயனில்லை என்னும் எண்ணமும் இதன் முற்றிய அடையாளங்கள்.

எனக்கு முதலில் உறக்கம் கெட்டது. இரவு படுத்தவுடன் தூங்கிவிடுவேன். அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் மனம் மிகவும் கனத்திருக்கும்; மாலையில் சற்றே இலேசாகும். இப்படிக் காலையில் மிகுந்து மாலையில் குறைவது இந்நோயின் நன்கறிந்த குறிகளுள் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு பசி போயிற்று. ஒரு தேற்றத்தின் நிறுவலை நான்கு முறை படித்தும் முதல் வரி மனத்தில் தங்கவில்லை. இரண்டு தாள்களில் தோற்றேன். அதை வீட்டில் மறைத்தேன். மறைத்ததற்காக என்னையே வெறுத்தேன். நோய்தான் தோல்வியைக் கொண்டுவந்தது. நானோ என் தோல்வியே நோயைக் கொண்டுவந்தது என்று எண்ணினேன்.

இது அரிய நோயுமன்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார். அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெறவில்லை. 60 பேர் அமரும் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மூன்று பேருக்கு வரக்கூடிய நோய். அவர்களில் இருவருக்கு மேல் வாய் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

காரணம் ஒன்றே என்று விரல் நீட்ட இயலாது. பரம்பரைக் கூறு உண்டு. இழப்பும் ஏமாற்றமும் உண்டு. மூளை நரம்புகளின் வேதியியலுக்கும் பங்குண்டு. தைராய்டு சுரப்புக் குறைவும் இதே வேடத்தில் வரும். அதனால்தான் நான் மருத்துவமனைக்குச் சென்ற முதல் நாளே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். சோம்பலும் கோழைத்தனமும் மட்டும் இதன் காரணப் பட்டியலில் இல்லை.

முதலில் சென்ற இடம்

எங்கள் வீட்டில் என்னை முதலில் அழைத்துச் சென்ற இடம் மருத்துவமனை அன்று. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில். வரகுண பாண்டியனைப் பற்றிய பிரமகத்தி அங்கே நீங்கியதாகத் தலபுராணம் கூறும். கீழை வாயிலில் பிரமகத்தி காத்து நிற்க, மன்னன் மேலை வாயில் வழியாக வெளியேறினான் என்பார்கள். அதனால் இன்றும் ஒரு வாயிலில் நுழைந்து வேறு வாயிலில் வெளியேறுவது வழக்கம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழைத்து வந்தாள்.

அங்கே போனதால் என் நோய் தீரவில்லை. ஆயினும் அதை ஏளனமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பல வாரங்களாக யாருடைய கையும் என்மேல் படாமல் இருந்தேன்; அன்று அம்மாவின் கை பட்டது. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் மனநோயாளிகள் 48 நாட்கள் தங்கி வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஓரிடத்தில் தங்குவது, காலையில் எழுந்து நீராடுவது, உறவினர் உடனிருப்பது என்னும் மூன்றும் மனத்தைத் தேற்றும் என்பதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள் எனலாம். அங்கே இல்லாதது மருத்துவம். அம்மருத்துவம் இல்லாமற் போவதோடு, உடனிருக்க வேண்டியவர் இடத்தில் சங்கிலியும் வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடி காட்டிற்று. காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டுண்டு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, இவற்றோடு அருகிருந்து பணிவிடை செய்பவன். இந்த நான்காம் ஆளை உரையாசிரியர்கள் விளக்கியபோதெல்லாம் வகுப்பில் நான் குறிப்பெடுத்தேனேயன்றிப் பொருளெடுக்கவில்லை. அவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கல்லூரியின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

நம் கல்லூரி மாணவர் ஒருவர்

சீனிவாச இராமானுசன் 1904இல் இக்கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். இந்தக் கதையை ஆசிரியர்கள் நமக்குச் சொல்கிறார்கள். பிந்தைய கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை.

1914இல் அவர் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. 1917இல் நோயில் விழுந்தார். காசநோய் என்று ஐயுற்று ஒரு சிகிச்சை விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார்கள். அவற்றுள் ஒன்று டெர்பிஷயர் மலைப்பகுதியிலுள்ள மேட்லாக் என்னும் ஊரில் இருந்தது. குளிர், சைவ உணவுக்குத் திண்டாட்டம், வீட்டுக் கடிதங்களும் அருகிவிட்டன. அதே 1917இல் டிரினிடி கல்லூரி அவரை ஆய்வு உறுப்பினராக ஏற்கவில்லை. 1918இன் தொடக்கத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றப்பட்டார். அந்நாளில் இங்கிலாந்தில் அது குற்றம். பேராசிரியர் ஹார்டி முன்வந்து பேசி அவரைக் காவல் துறையிடமிருந்து மீட்டார்.

நூறாண்டுக்கு இப்பாலிருந்து அவருக்கு இன்ன நோய் என்று சீட்டு எழுதுவது முறையன்று. உடல்நோயே காசமன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று 1994இல் டாக்டர் யங் என்பவர் வாதிட்டிருக்கிறார். ஆனால் ஒன்று தெளிவு. அவ்விடுதிகளில் மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, நோயாளி இருந்தார். உடன் தங்கி, ஒரு பிடி இரசஞ்சோறு பிசைந்து கொடுக்க ஒருவர் இல்லை. 1918 மே மாதம் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிடியும் அவரை ஏற்றது. அவர் மனம் தேறிக் கணிதத்துக்குத் திரும்பினார். பட்னி விடுதியில் ஹார்டி அவரைப் பார்க்க வந்த வாடகைக் காரின் எண் 1729 என்பதை நாமெல்லோரும் அறிவோம். அந்த எண்ணின் சிறப்பைப் பேசுகிறோம். நோயாளியைப் பார்க்க ஒருவர் வண்டி பிடித்து வந்தார் என்பதை மறந்துவிடுகிறோம்.

1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், அவர் உடல்நோயால் மறைந்தார். ஆயினும் இடையில் கிடைத்த அந்த ஈராண்டில் அவர் எழுதிய கணிதத்தை இன்றும் அறிஞர்கள் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள்.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

மனநல மருத்துவமனை என்றதும் கம்பிக் கதவும் சங்கிலியுமே நம் நினைவில் எழுகின்றன. சென்னையில் 1794இல் வாலன்டைன் கானலி என்னும் மருத்துவர் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். கீழ்ப்பாக்கத்தில் மருத்துவமனை எழுந்தது 1871இல். அக்கால நிலையங்களின் முதல் நோக்கம் ஊரைக் காப்பது. நோயாளியைக் காப்பது பிறகே. உறவினர் கொண்டுவந்து விட்டுச் செல்வார்கள்; பலர் திரும்பி வருவதில்லை.

இந்த வழக்கத்தை நம் நாட்டிலேயே சிலர் மாற்றினார்கள். 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் இடமும் ஆளும் போதாமல் திண்டாடிய டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். குடும்பத்தார் நோயைப் புரிந்துகொண்டார்கள். நோயாளிகள் விரைந்து தேறி அவர்களோடே வீடு திரும்பினார்கள். நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் அமைத்த மனநல மையத்தில், 1950களின் பிற்பகுதியிலிருந்தே, உறவினர் ஒருவரேனும் நோயாளியோடு தங்குவது மருத்துவத்தின் ஒரு பகுதியாயிற்று. மேலை நாடுகள் குடும்பத்தைப் பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் அனுமதித்த காலத்தில் இது நடந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்கது. ஆள் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு என்று சிலர் கருதலாம். இருக்கட்டும், வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு அதனால் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது.

நான் தங்கிய இடத்திலும் அதே முறை. “கூட யாராவது இருக்கணும்” என்றார் மருத்துவர். அம்மா வருவாள் என்று நினைத்தேன். அப்பா வந்தார்.

எங்களுக்குத் திருப்பனந்தாள் பக்கம் ஏழு மா நிலம். சம்பா நட்டு, களையெடுக்கும் நேரம். மழை வேறு பிடித்துக்கொண்டது. அப்பா வயலைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு துணிப்பையும் போர்வையுமாக வந்து என் கட்டிலுக்கருகே பாய் விரித்தார். எங்களுக்குள் பேச்சுப் பழக்கம் குறைவு. முதல் மூன்று நாள் நாங்கள் பேசியதெல்லாம், “சாப்பிட்டியா?”, “ம்.”

யாரை உள்ளே சேர்க்கிறார்கள்?

மனச்சோர்வு வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே, வெளிநோயாளிகளாக வந்து போய்க் குணமடைகிறார்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணங்கள் வலுத்தபோதும், உணவும் நீரும் செல்லாதபோதும், வீட்டு மருத்துவம் பலிக்காதபோதும், தன்னைத்தானே பார்த்துக்கொள்ள இயலாதபோதுமே உள்ளே தங்கச் சொல்கிறார்கள்.

என்னிடம் மருத்துவர் நேராகவே கேட்டார்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா தம்பி?” அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். நான் தலையாட்டினேன். பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல்லை ஒருவர் கைகொடுத்துத் தூக்கியதுபோல் இருந்தது. இப்படிக் கேட்பது, இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்பதே ஆராய்ச்சிகளின் முடிவு. கேட்காமல் விடுவதே தீங்கு.

முதல் இரவு அச்சமாகவே இருந்தது. யாரோ ஒருவர் விடியும் வரை கூவிக்கொண்டிருந்தார். என் கத்திரிக்கோலையும் இடுப்புப் பட்டையையும் செவிலியர் வாங்கி வைத்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. காய்ச்சல்காரனின் கையிலிருந்து ஐஸ் பழத்தை வாங்கி வைப்பதுபோல் என்று பிறகு விளங்கிற்று.

மாத்திரை தொடங்கினார்கள். முதல் வாரம் வாய் உலர்ந்து, வயிறு குமட்டியதேயன்றி மனம் மாறவில்லை. இம்மருந்துகளின் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் “பலிக்கவில்லை” என்று நிறுத்தி ஏமாறுவோர் பலர். இவை தூக்க மாத்திரையும் அல்ல; பழக்கத்துக்கு அடிமையாக்கும் போதைப் பொருளும் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். குணமடைந்த பின்னும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடரச் சொல்கிறார்கள். நானும் தொடர்ந்து வருகிறேன்.

பேச்சு எப்படி மருந்தாகும்?

மருந்து தரையைச் சமன் செய்தது. நடக்கக் கற்றுத் தந்தது பேச்சு மருத்துவம். வாரத்தில் மூன்று நாள், ஏறக்குறைய 50 நிமிடம், உளவியலாளர் அம்மையார் ஒருவருடன் அமர்ந்தேன். அவர் அறிவுரை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “தைரியமா இரு”, “உன்னைவிடக் கஷ்டப்படறவங்களைப் பாரு” என்னும் இரண்டையும் அவர் 38 நாளில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

முதல் வாரம் சிந்தனையைத் தொடவேயில்லை. ஒரு தாளில் மணிவாரியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தார். காலை 6 மணிக்கு என்ன செய்தேன், 7 மணிக்கு என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். பக்கத்தில் இரண்டு மதிப்பெண்கள்: செய்து முடித்த நிறைவு எவ்வளவு, மகிழ்ச்சி எவ்வளவு, இரண்டும் 10க்கு. என் முதல் நாள் தாளில், ‘குளித்தல்: நிறைவு 2, மகிழ்ச்சி 0’ என்று இருந்தது. ‘அப்பாவுடன் தோட்டத்தில் நடை: நிறைவு 3, மகிழ்ச்சி 1’. அந்த 1 எனக்கே வியப்பாக இருந்தது. நாள் முழுதும் சுழி என்றல்லவா நான் நம்பியிருந்தேன்!

மனம் சரியானால் வேலை செய்யலாம் என்று காத்திருப்பது இந்நோயின் பொறி. சிறு வேலையைச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பது இம்முறையின் கொள்கை. இதற்குப் பெரிய பட்டம் பெற்றவர்தாம் வேண்டும் என்பதுமில்லை. கோவாவில் விக்ரம் பட்டேல் முதலிய அறிஞர்கள் இதே முறையைப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில அமர்வுகளில் நடத்திப் பார்த்தார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் நன்கு தேறினார்கள் என்று 2017இல் வெளியிட்டார்கள்.

இரண்டாம் வாரம் முதல் சிந்தனைக் கணக்கு. அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த முறை இது. மனச்சோர்வுற்றவன் தன்னையும், உலகையும், எதிர்காலத்தையும் ஒரே கறுப்புக் கண்ணாடி வழியே பார்க்கிறான் என்று அவர் கண்டார். கண்ணாடியைக் கழற்று என்று சொன்னால் கழற்ற முடியாது. கண்ணாடி இருக்கிறது என்பதை முதலில் காட்ட வேண்டும். அதற்காகத் தாளில் பத்திகள்: நடந்தது என்ன? அப்போது தோன்றிய எண்ணம் என்ன? அதற்குச் சான்று என்ன? எதிர்ச் சான்று என்ன? வேறு எப்படிப் பார்க்கலாம்?

நான் எழுதிய எண்ணம்: “நான் எதற்கும் உதவாதவன்.” சான்று: இரண்டு தாள்களில் தோல்வி. “வேறே சான்று?” என்றார். யோசித்தேன், இல்லை. “இரண்டு தாளிலிருந்து ‘எதற்கும்’ எப்படி வந்தது தம்பி? நீங்க கணக்குப் படிக்கிறவராச்சே. இரண்டு எடுத்துக்காட்டை வச்சு ஒரு தேற்றத்தை நிறுவினா உங்க வாத்தியார் ஒத்துப்பாரா?” என்றார். நான் பல நாளைக்குப் பின் சிரித்தேன். அன்று இரவு தாளில் மகிழ்ச்சிக்கு 4 போட்டேன்.

எல்லா எண்ணமும் இப்படி எளிதாகக் கரையவில்லை. சில எண்ணங்கள் உண்மையாகவே இருந்தன. வீட்டில் மறைத்தது உண்மை. “உண்மைக்கு எதிர்ச் சான்று தேட வேண்டாம், அதுக்கு என்ன செய்யலாம்னு பாருங்க” என்றார் அம்மையார்.

அப்பாவும் வடிகாலும்

நான்காம் வாரம் ஒருநாள் அப்பாவையும் அறைக்குள் அழைத்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தோற்ற இரண்டு தாள்களைப் பற்றியும், கட்டணத்துக்கு என்று வாங்கிய பணத்தில் வீட்டுக்குத் தெரியாமல் மறுதேர்வுக்குக் கட்டியதைப் பற்றியும் நான் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பாக்கிதானே? எழுதிக்கலாம். நீ பேசாம கெடந்ததுதான்டா எனக்குப் பயமா இருந்துச்சு” என்றார்.

அன்று மாலை தாழ்வாரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். “நம்ம வயல்ல இப்பத் தண்ணி நின்னிருக்கும். சித்தப்பன் வடிகாலை வெட்டி விட்டானோ என்னமோ” என்றார். சற்றுப் பொறுத்து, “தண்ணி நின்னா வேர் அழுகிடும். பயிரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போவுது?” என்றார். அவர் பயிரைப் பற்றித்தான் பேசினாரா என்று நான் கேட்கவில்லை. உளவியல் நூல்களில் பின்னர் நான் படித்தவற்றுள் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

38ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்புமுன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்: நோய் திரும்பி வந்தால் முதலில் தெரியும் குறிகள் எவை? அதிகாலை விழிப்பு; தொலைபேசியை எடுக்காமை. அப்போது யாரிடம் சொல்வேன்? அப்பா, அறை நண்பன் ஒருவன். எங்கே போவேன்? மருத்துவமனையின் பெயர். இந்தத் தாள் என் கணக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் அஞ்சுவது, ‘உள்ளே போனால் வெளியே விடமாட்டார்கள், பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள்’ என்பதற்கே. 2018 மே 29 முதல் நடைமுறையிலிருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இவ்வச்சத்துக்கு விடை தருகிறது. வயது வந்த ஒருவர் தம் விருப்பப்படி சேரலாம். விருப்பப்படி வெளியேறக் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், மதிப்பிட்டுப் பார்க்க 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எவ்வகையிலும் கூடாது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி மருத்துவம் செய்தலும் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, தண்டிக்காமல் மருத்துவமும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை. இராமானுசனுக்கு ஹார்டி ஒருவர் செய்ததை இன்று சட்டம் எல்லோருக்கும் செய்கிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் பக்கத்து இருக்கைக்காரன் பேசுவதைக் குறைத்துக்கொண்டால், உணவகத்துக்கு வராமல் அறையிலேயே கிடந்தால், “என்னடா, ஃபீலிங்கா?” என்று கேலி பேசாதீர்கள். தனியே அழைத்துக் கேளுங்கள். கேட்டபின், அவன் சொல்லி முடிக்கும் வரை பொறுங்கள். அறிவுரையை வைத்துக்கொண்டு காதைக் கொடுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று அவன் சொன்னால், அதை இரகசியமாகக் காக்கிறேன் என்று வாக்களிக்காதீர்கள். தனியே விடாதீர்கள், வீட்டாருக்கோ ஆசிரியருக்கோ சொல்லி, மருத்துவரிடம் நீங்களே கூடப் போங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலிமானஸ்’ என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நான் முற்றும் குணமடைந்துவிட்டேனா என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்பதே சரியான விடை. இந்நோய் திரும்பி வரக்கூடியது. சில காலைகள் இன்னும் கனக்கின்றன. அந்நாட்களில் கட்டம் போட்ட தாளை எடுக்கிறேன், குளிக்கிறேன், நிறைவுக்கு ஓர் எண் போடுகிறேன், அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். எங்கள் உரையாடல் இப்போது சற்று நீண்டிருக்கிறது. “சாப்பிட்டியா?” என்பார். “சாப்பிட்டேன்பா. நீங்க?” என்பேன். பாக்கியிருந்த இரண்டு தாள்களில் ஒன்றைத் தேர்ந்துவிட்டேன். மற்றொன்றை வரும் பருவத்தில் எழுத வேண்டும்.

தினமும் காவிரியின் நடைபாலத்தைக் கடந்துதான் நாமெல்லோரும் கல்லூரிக்குள் வருகிறோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றைக் கடந்து வந்த மாணவர் ஒருவர், தொலைதூர விடுதி அறையில் துணையின்றிக் கிடந்தார். நம் நடுவே அப்படி யாரும் கிடக்க வேண்டியதில்லை. மருத்துவரும் மருந்தும் இன்று கிடைக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். நான்காம் கூறு மட்டும் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. அது நாம்தான்.